திமிலில் விழும் கை

தைப்பொங்கல் அன்று வில்லாபுரத்துக்காரர்களின் கால்கள் தானாகவே அவனியாபுரம் ஜல்லிக்கட்டுப் பக்கம் திரும்பும். அங்கே வாடிவாசலில் காளை சீறி வர, ஒருவர் திமிலில் பாய, மாடு துள்ளி உதற, எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். அதற்குள் கூட்டம் தீர்ப்பையே சொல்லியிருக்கும்: "பிடிமாடுப்பா!", "இல்ல, வாலப் பிடிச்சுட்டான்!"

அதே நொடிகளைக் கணினி எப்படிப் பார்க்கும் என்று அடிக்கடி யோசிப்பேன். 2017-இல் டீப்மைண்ட் நிறுவனம் வெளியிட்ட கைனெடிக்ஸ் காணொளித் தொகுப்பில் 400 வகைச் செயல்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் யூடியூபிலிருந்து எடுத்த, சுமார் 10 விநாடி ஓடும் 400 காட்சிகளாவது இருக்கும். இப்படிப் பெயரிட்ட காட்சிகளைப் பார்த்துத்தான் கணினி செயல்களைக் கற்கிறது. ஆனால் பல நேரம் அது ஆளைவிட இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. நீச்சல்குளம் தெரிந்தால் போதும், நீச்சல் என்றுவிடும்.

நமக்கு இடமே வேண்டாம். சுவீடன் உளவியலாளர் குன்னர் யோஹான்சன் 1973-இல் இருட்டில் நடப்பவரின் மூட்டுகளை மட்டும் ஒளிப்புள்ளிகளாகக் காட்டினார். புள்ளிகள் அசைந்ததுமே பார்த்தவர்கள், மனிதர் நடக்கிறார் என்று கண்டுகொண்டார்கள். அதற்கும் முன்பு, 1944-இல், உளவியலாளர்கள் ஹைடரும் சிம்மலும் இரண்டு முக்கோணங்களும் ஒரு வட்டமும் நகரும் சிறு படத்தைக் காட்டினார்கள். ஒன்று மற்றதை மிரட்டுகிறது, துரத்துகிறது என்று ஏறக்குறைய எல்லோரும் கதை சொன்னார்கள். வெறும் கோடுகளிலும் நாம் எண்ணத்தைப் பார்க்கிறோம். நம் பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

செயலை எண்ணத்தோடு சேர்த்தே எடைபோடுகிறோம் என்பதற்கு ஜல்லிக்கட்டே சாட்சி. திமிலைத் தழுவும் அதே செயலை 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் வதை என்று கண்டு தடுத்தது. 2017-இல் தமிழ்நாடு அதை அனுமதிக்கும்படி சட்டத்தைத் திருத்தியது. அந்தத் திருத்தம் செல்லும் என்று 2023 மே 18-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. இத்தனை ஆண்டுகளும் நீதிபதிகள் முன் வாதிடப்பட்டது கை எங்கே பட்டது என்பதை மட்டுமல்ல. காளைக்கு என்ன நேர்கிறது, மனிதர் எதற்காகச் செய்கிறார் என்பதையும்தான்.

காளை எத்தனை முறை துள்ளியது, திமிலில் யார் கை முதலில் விழுந்தது என்று எண்ணிச் சொல்லக் கேமரா உதவட்டும். நம் கண்ணைவிட அது நிதானமானது. ஆனால் தெருமுனைக் கேமராக்களிடம் யார் சந்தேகத்துக்குரியவர் என்று கேட்கத் தொடங்கியிருக்கும் காலம் இது. மாத்திரை வாங்க ஓடும் பையனும் சங்கிலியைப் பறித்துக்கொண்டு ஓடுபவனும் அவற்றுக்கு ஒரே ஓட்டம்தான். மனிதக் கண்ணும் தவறும். கோடுகளிலேயே பகை பார்க்கும் கண் அல்லவா? இருந்தாலும் மனிதரை நிறுத்தி, "ஏன் அப்படிச் சொன்னாய்?" என்று கேட்கலாம். அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். ஒருவர் என்ன செய்தார் என்ற தீர்ப்பு, அப்படிப் பதில் சொல்லக் கடமைப்பட்டவரின் கையில்தான் இருக்க வேண்டும்.