தக்கோலத்துக்கு ஒரு கங்கர் படை

பெங்களூரு கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்தில் பேகூர் வீரக்கல் இருக்கிறது. தும்பேபாடிப் போரில் கங்கர் தரப்பில் நின்று மாண்ட நாகத்தரனுக்காக நட்ட கல். யானையும் குதிரையும் காலாளும் நெருக்கியடித்து மோதும் போர்க்களம் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நான் 15 மி.மீ. பொம்மைகளில் கட்டிவரும் கங்கர் படைக்கு இந்தக் கல்தான் ஆதாரம். அலெக்சாண்டரை எதிர்த்த போரஸின் படை வெளிநாட்டுக் கடைகளில் சுலபமாகக் கிடைக்கிறது. கங்கர் படைக்கு அந்தப் பொம்மைகளையே வெட்டி ஒட்ட வேண்டியிருக்கிறது.

யானைக்கு வண்ணம் தீட்டுவதில்தான் எனக்கு உயிர். வெறும் சாம்பல் பூசி விட்டுவிடக் கூடாது. நம் யானைகளுக்குக் காதோரத்திலும் துதிக்கையின் மேலும் வெளிர்சிவப்புத் தேமல் படரும். முதலில் கறுப்பு அடிப்பூச்சு, காய்ந்ததும் சாம்பல். பிறகு நீர்த்த பழுப்பை ஓடவிட்டால் தோல் சுருக்கத்தில் தானாக இறங்கி நிற்கும். தேமலைக் கடைசியில், தூரிகை நுனியால் புள்ளி புள்ளியாக வைக்கிறேன். மழைக்காலத்தில் மட்டும் வார்னிஷ் ஸ்பிரேயைத் தொடுவதில்லை, ஈரக்காற்றில் வெள்ளை பூத்துவிடும்.

1990இல் வந்த டி.பி.ஏ. என்னும் மேசைப் போர் விளையாட்டு விதிகளின்படி ஒரு படைக்கு 12 அணிகள் போதும். நான் ஆட விரும்புவது தக்கோலப் போரை. 949இல் சோழ இளவரசன் இராசாதித்தனை யானை மேலேயே வீழ்த்தியவன் கங்க மன்னன் பூதுகன். அதைச் சொல்லும் ஆதகூர்க் கல்வெட்டும் இதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. பெங்களூருவில் யாராவது சோழர் படை கட்டுகிறீர்களா? சொல்லுங்கள், மேசை நான் போடுகிறேன்.