ஜீரோ கேட்டும் என் பேக்எண்டும்

"டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்."

மூணாவது இன்டர்வியூ. நோட் ஜேஎஸ், போஸ்ட்கிரஸ், ரெடிஸ், டாக்கர்னு மனப்பாடம் பண்ணதை ஒப்பிச்சேன். "சரி, இதெல்லாம் வெச்சு என்ன செஞ்சீங்க?"ன்னு கேட்டாங்க. வாயே வரலை. ரிஜெக்ட்.

வீட்டுக்கு வந்தா அப்பாவும் அதையே கேட்டார். "நீ பண்ற வேலையைக் காட்டுடா." காட்ட என்ன இருக்கு? பேக்எண்டுக்கு ஸ்க்ரீனே கிடையாதே!

அப்பா கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டறவர். "ராயபுரம் ஜீரோ கேட்ல வண்டிங்க வரிசைல நிக்குதுல்லப்பா? எல்லாத்தையும் ஒரேயடியா உள்ள விட்டா துறைமுகம் தாங்காது. எங்க கேன்டீன் ஆப்லயும் பிரேக் நேரத்துல ஆர்டர் மொத்தமா வந்து விழும். அதை வரிசைல நிக்க வெச்சு ஒண்ணொண்ணா டேட்டாபேஸுக்கு அனுப்பறதுதான் என் வேலை."

கொஞ்ச நேரம் யோசிச்சார். "பேப்பர் சரியில்லாத வண்டி முன்னாடி மாட்டிக்கிட்டா, பின்னாடி நிக்கறவன் என்ன பண்ணுவான்?"

என்கிட்ட பதில் இல்லை. என் கோட்ல ஒரு ஆர்டர் ஃபெயில் ஆனா, அதையே திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும். பின்னாடி இருக்கறது எல்லாம் காத்துக்கிட்டு கிடக்கும். அன்னிக்கு ராத்திரியே உட்கார்ந்து, மூணு தடவை ஃபெயில் ஆனா தனி வரிசைக்கு ஒதுக்கற மாதிரி மாத்தினேன். அதுக்கு 'டெட் லெட்டர் க்யூ'ன்னு பேர். பேர் மட்டும் எனக்கு முன்னாடியே தெரியும். எதுக்குன்னு அப்பா கேட்டப்புறம்தான் புரிஞ்சது.

ரெஸ்யூமேல டூல்ஸ் லிஸ்ட்டைக் கீழ தள்ளிட்டேன். மேல அந்தத் தப்பும், அதைச் சரி பண்ண விதமும் இருக்கு. அடுத்த வாரம் நாலாவது இன்டர்வியூ. வேலை கிடைக்குமான்னு தெரியாது. ஆனா என்ன செஞ்சீங்கன்னு கேட்டா, இந்த முறை பதில் இருக்கு.

நீங்களும் ப்ளேஸ்மென்ட்டுக்கு முன்னாடி வீட்ல ஒருத்தர்கிட்ட சொல்லிப் பாருங்க.