ஸூப் கடையா, ஸ்நான கட்டமா?

ஜப்பான் பிரயாணம் வாய்த்தால், நேயர்களே, பாஷை தெரியாதே என்று கவலைப்படாதீர்கள். படங்களிடம் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்! எழுத்துத்தான் புரியாது, படம் யாருக்கும் புரியும் என்று நாம் நினைக்கிறோம் அல்லவா? ஜப்பானியத் தேசப்படத்தைப் பிரித்தால் அந்த நினைப்புப் போய்விடும்.

அங்கங்கே ஸ்வஸ்திகம் போட்டிருக்கும். நம் கண்ணுக்கு அது சுப சின்னம். கோயிலாக இருக்கலாம் என்று ஊகித்துவிடுவோம். உண்மையும் அதுதான், பௌத்த ஆலயம். ஐரோப்பியருக்கோ ஹிட்லர் ஞாபகம் வந்து தூக்கிவாரிப் போடுகிறது! பெருக்கல் குறியைப் பார்த்தால், போகக்கூடாத இடம் என்று எண்ணிவிடாதீர்கள். வழி தவறியவர் முதலில் போகவேண்டிய போலீஸ் சாவடி அது.

எல்லாவற்றிலும் ரஸமானது வெந்நீர் ஊற்றின் சின்னம். கிண்ணம் போல ஒரு வளைவு. அதிலிருந்து மூன்று கோடாய் ஆவி. ஸ்நானம் செய்யும் இடம் என்று ஜப்பானியக் குழந்தைகூடச் சொல்லும். பசியோடு வரும் வெளியூர்க்காரர் சூடான சாப்பாடு என்று நினைத்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? கும்மா மாகாணத்து இஸோபே ஊராரோ, 1661-ஆம் வருஷத்து நிலத் தகராறுக்காக வரைந்த படத்திலேயே இது இருக்கிறது, ஆகவே சின்னத்தின் பிறந்த வீடு எங்கள் ஊர்தான் என்று பெருமை பேசுகிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக் விருந்தினரை உத்தேசித்து, தொட்டியில் மூவர் உட்கார்ந்திருக்கும் சர்வதேசப் படத்தை வைக்கலாமென்று சர்க்கார் யோசனை சொன்னது. வெந்நீர் ஊற்று ஊர்கள் விடுமா? 2017-இல் பஞ்சாயத்து முடிந்தது: இரண்டும் இருக்கட்டும், இஷ்டமானதைப் போட்டுக்கொள்ளலாம்!

ஸோனி கம்பெனியின் பிளேஸ்டேஷனிலும் இதே கூத்து. ஜப்பானில் வட்டப் பொத்தான் 'சரி', பெருக்கல் குறி 'வேண்டாம்'. மேல்நாடுகளில் பெரும்பாலும் பெருக்கல் குறிதான் 'சரி'. 2020-இல் வந்த யந்திரத்தில் ஜப்பானையும் மேல்நாட்டு வழிக்கு மாற்றினார்கள். பழகிய கட்டைவிரல்கள் என்ன பாடு பட்டிருக்கும்!

விளையாட்டில் தவறினால் போகட்டும். நெருப்புப் பிடித்தால்? 1972-இல் ஒஸாகாவின் ஸென்னிச்சிப் பல்பொருள் அங்காடியில் மூண்ட தீயில் 118 பேர் மாண்டார்கள். அந்நாளில் அங்கே அவசர வழியைக் காட்டியது எழுத்துப் பலகைதான். இத்தகைய விபத்துக்களுக்குப் பின் பொதுமக்களிடம் படங்கள் வரவழைத்தார்கள். தேர்ந்ததை யூகியோ ஓட்டாவின் குழுவினர் செப்பனிட்டார்கள். (ஓடும் மனிதரை வரைந்தவருக்குப் பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்!) கதவை நோக்கி ஓடும் அந்தப் பச்சை மனிதர் இன்று சர்வதேச அடையாளம். நம் ஊர் சினிமாத் தியேட்டர்களிலும் இருக்கிறார். அடுத்த தடவை விளக்கு அணையுமுன், அவர் எந்தப் பக்கம் ஓடுகிறார் என்று பார்த்து வையுங்கள்.