நம்மவர்க்கு ஒரு நீதி

குலசேகரன்பட்டினத்தில் என் மாமா வீட்டுத் தார்சாவில் பழைய மரபெஞ்சு ஒன்று கிடந்தது. மாலை ஐந்து மணிக்கு மேல், கடற்காற்று தெருவுக்குள் திரும்பும் வேளையில், அதுதான் எங்கள் சட்டமன்றம். 1976-லும் 1991-லும் தமிழக அரசு கலைக்கப்பட்டது முறைதானா, பொம்மை வழக்கின் தீர்ப்பு முன்பே வந்திருந்தால் அந்தக் கலைப்புகள் நடந்திருக்குமா என்றெல்லாம் அங்கே மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம். உடன்குடிக் கருப்பட்டி போட்ட காப்பி இரண்டு முறை வரும். அத்தை விளக்கேற்றினால் சபை கலையும்.

மாமா பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலிடம் முப்பது வருடங்களுக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவர். சட்டம் படித்தவர் அல்லர். ஆனால் வழக்குக் கட்டுகளைச் சுமந்தும் நகலெடுத்தும் பழகியதால், எந்தத் தீர்ப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்பதோடு அதற்குள் என்ன இருக்கிறது என்பதையும் அறிந்திருந்தார். நான் அப்போது எம்.ஏ. முடித்துவிட்டு வேலையில்லாமல் ஊரில் இருந்தேன். எல்லாவற்றைப் பற்றியும் உறுதியான கருத்து இருந்த வயது அது.

1998 ஜனவரி 28-ஆம் தேதி. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பூந்தமல்லித் தனி நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. குற்றஞ்சாட்டப்பட்டு நின்ற 26 பேருக்கும் தூக்கு. நான் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"இருபத்தாறு பேருக்குமா?" என்றார் மாமா.

"ஆமா மாமா. எல்லாருக்கும்."

"எல்லாருக்கும்னா அது தீர்ப்பாலே, தலைக்கணக்கா?"

எனக்குக் கோபம் வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் அன்றிரவு சிதறிக் கிடந்தவர்களின் படங்களைப் பத்திரிகையில் பார்த்தவன் நான். ஒரு முன்னாள் பிரதமரோடு, காவலுக்கு நின்ற போலீஸ்காரர்களும் மாலையிட வந்தவர்களும் மாண்டுபோயிருந்தார்கள். கொன்றவர்களுக்கு வேறு என்ன கொடுப்பது என்று கேட்டேன். "கொன்னவனுக்குக் குடுக்கட்டும். சிலோன்லேர்ந்து வந்தவனுக்கு வீடு பாத்துக் குடுத்தவனுக்கும் அதே கயிறுதானா?" என்றார். நான் எழுந்து நின்று, "நீங்களும் அவங்க ஆளா மாமா?" என்று கேட்டுவிட்டேன்.

மாமா பதில் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போனார். அதன்பிறகு ஏறக்குறைய ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

*

அந்த ஒரு மாதத்துக்குப் பிறகு அவரே கூப்பிட்டு, பழைய சட்ட அறிக்கைத் தொகுதி ஒன்றைக் கையில் கொடுத்தார். அவருடைய வக்கீல் காலமானபோது கழித்துக்கட்டப்பட்ட புத்தகங்களிலிருந்து எடுத்து வைத்திருந்தது. "படி. படிச்சிட்டு நம்ம ஊர்க் கதையை நெனச்சுப் பாரு" என்றார்.

நம்ம ஊர்க் கதை என்று அவர் சொன்னது குலசேகரன்பட்டினம் சதி வழக்கை. 1942-ல், 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தின்போது, சுற்று வட்டாரத்து இளைஞர்கள் இங்கிருந்த உப்பளத்தைத் தாக்கினார்கள். அதில் லோன் என்ற வெள்ளைக்கார உப்புத்துறை அதிகாரி கொல்லப்பட்டார். காசிராஜன், ராஜகோபாலன் இருவருக்கும் தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டது. கயிறு அவர்கள் கழுத்தில் விழவில்லை. தண்டனை குறைக்கப்பட்டு, பின்னர் விடுதலையும் ஆனார்கள். தூக்குமேடை ராஜகோபால் என்பது எங்கள் பக்கத்தில் ஒரு பட்டம்போலவே வழங்கியது. அப்போது மாமாவுக்குப் பத்து வயது. போலீஸ் வருகிறது என்றதும் ஆண்கள் தேரிக்காட்டுப் பக்கம் ஓடியதும், ஆச்சி கதவைச் சாத்தி அவர் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் அவருக்குச் சாகும்வரை மறக்கவில்லை.

அந்தக் காலத்தில் இத்தகைய வழக்குகளை விரைந்து முடிப்பதற்கென்றே ஓர் அவசரச் சட்டம் இருந்தது. 1942-ஆம் ஆண்டின் இரண்டாம் அவசரச் சட்டம். எந்த வழக்கு தனி நீதிமன்றத்துக்குப் போகவேண்டும் என்பதை அரசு நிர்வாகமே முடிவு செய்யலாம். மேல்முறையீட்டுக்கான வழிகளும் பெரும்பாலும் அடைக்கப்பட்டிருந்தன. 1943 ஜூன் மாதத்தில் கூட்டாட்சி நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்றது. அப்போது அங்கே தற்காலிகத் தலைமை நீதிபதியாக இருந்தவர் நம் வரதாச்சாரியார். வெள்ளைக்காரன் ஆட்சி, உலகப் போர், ஊரெங்கும் தண்டவாளம் பெயர்ப்பு. அந்த நேரத்தில் ஒரு தமிழர் அந்த நாற்காலியில் அமர்ந்து, இது சட்டப்படி ஆகாது என்று சொன்னார். அரசு மறுநாளே வேறோர் அவசரச் சட்டம் போட்டு, முன்பு கொடுத்த தண்டனைகளைக் காப்பாற்றிக்கொண்டது. பின்னர் பிரிவி கவுன்சிலும் கூட்டாட்சி நீதிமன்றத்தின் தீர்ப்பை மாற்றியது.

மாமா கொடுத்த தொகுதியில் இருந்தது வேறொரு வழக்கு. அன்வர் அலி சர்க்கார் வழக்கு. 1949-ல் கல்கத்தாவுக்கு அருகே டம்டமில் ஜெஸ்ஸப் தொழிற்சாலையை ஆயுதங்களோடு ஒரு கூட்டம் தாக்கியது. சிலர் கொல்லப்பட்டனர். தாக்கியவர்கள் தீவிர இடதுசாரிகள். மேற்கு வங்க அரசு அவர்களைத் தனி நீதிமன்றத்தில் நிறுத்தித் தண்டித்தது. எந்த வழக்கை வேண்டுமானாலும் அங்கே அனுப்பலாம் என்று அந்தச் சட்டம் அரசுக்கு அதிகாரம் தந்திருந்தது. 1952 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஒரே குற்றம் செய்த இருவரில் ஒருவனுக்குச் சாதாரண விசாரணை, மற்றவனுக்குக் குறுக்கப்பட்ட விசாரணை என்று அரசு தன் விருப்பப்படி பிரிப்பது 14-ஆம் பிரிவு தரும் சமத்துவத்துக்கு முரணானது என்று கூறியது.

மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. அவரும் தமிழர். விரைவான விசாரணை ஓர் அரசுக்குத் தேவைப்படலாம், அந்த அதிகாரம் தவறாகப் பயன்படுத்தப்படும் என்று முன்கூட்டியே கருதக்கூடாது என்ற போக்கில் செல்கிறது அவர் வாதம். அதைப் படித்தபோது எனக்கு அது பிழையாகத் தோன்றவில்லை. கலகக் காலத்தில் அரசை நடத்துகிறவர்களுக்கு அந்த வாதம் தேவைப்படும். இன்றும் அதை முட்டாள்தனம் என்று என்னால் தள்ளிவிட முடியாது.

ஆனால் வேறொன்று உறுத்தியது. குலசையும் டம்டமும் ஏறக்குறைய ஒரே மாதிரியான நிகழ்ச்சிகள். ஆயுதக் கூட்டம், ஓர் ஆலை அல்லது அளம், இறந்துபோன மனிதர்கள். குலசைக்காரர்களை நான் தியாகிகள் என்று படித்து வளர்ந்தேன். டம்டம்காரர்களைப் பற்றி யாராவது கேட்டிருந்தால் யோசிக்காமல் கொலைகாரர்கள் என்றிருப்பேன். 1942-ன் தனி நீதிமன்றம் எனக்கு அடக்குமுறை. 1998-ன் தனி நீதிமன்றம் நீதி. இந்த இரண்டையும் நான் ஒரே மண்டைக்குள், ஒரு சங்கடமும் இல்லாமல் வைத்திருந்தேன்.

*

பூந்தமல்லி விசாரணை நடந்தது தடா சட்டத்தின்படி. காவல்துறை அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சாதாரண வழக்கில் சாட்சியமாகாது. தடாவில், கண்காணிப்பாளர் நிலையிலும் அதற்கு மேலும் உள்ள அதிகாரி பதிவு செய்தால் சாட்சியமாகும். மேல்முறையீடு நேரே உச்ச நீதிமன்றத்துக்கு. நடுவில் உயர் நீதிமன்றம் என்ற படி இல்லை. 1994-ல் கர்த்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவற்றைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. 1995-ல் தடா காலாவதியானது. ஆனாலும் நிலுவையிலிருந்த வழக்குகள் அதன்படியே நடந்தன.

1999 மே 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. இந்தக் கொலை தடாவின் பொருளில் பயங்கரவாதச் செயல் ஆகாது. 4 பேருக்குத் தூக்கு உறுதி. 3 பேருக்கு ஆயுள். 19 பேர் விடுதலை. தடாக் குற்றம் நிற்கவில்லை என்ற பிறகும், தடாவின்கீழ் பெற்ற வாக்குமூலங்கள் மட்டும் சாட்சியமாக நின்றன.

பதினாறு மாதங்களுக்கு முன்பு 26 பேருக்கும் கயிறு என்று நான் துள்ளிக்கொண்டு ஓடிய அதே தெருவில், செய்தித்தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு மெல்ல நடந்து போனேன். நான் சொன்னேன் பார்த்தாயா என்று மாமா கேட்பார் என எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார். பிறகு, "இந்தப் பத்தொம்பது பேரு எத்தனை வருசம்லே உள்ள கெடந்திருக்கான்?" என்று மட்டும் கேட்டார். பலருக்கு ஏழெட்டு வருடம். அதில் ஒரு வருடத்துக்கு மேல் தூக்குக் கைதியாக.

அன்று நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "எங்கிட்ட எதுக்குலே?" என்றார்.

*

மாமா இறந்து பல வருடங்கள் ஆகின்றன. 2002-ல் பொடா வந்தது. எங்கள் தென் மாவட்டத்துக்காரரான வைகோ, தம் கட்சி அங்கம் வகித்த கூட்டணி அரசு கொண்டுவந்த அந்தச் சட்டத்தின்கீழேயே சிறைக்குப் போனார். 2004-ல் பொடா நீக்கப்பட்டது. அதன் பல கூறுகள் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்குள் குடியேறின. 2022 மே மாதம் பேரறிவாளனையும் நவம்பரில் மற்ற ஆறு பேரையும் உச்ச நீதிமன்றம் விடுவித்தபோது, தமிழ்நாடு இரண்டாகப் பிரிந்து பேசியது. ஆளுநர் அமைச்சரவைக்குக் கட்டுப்பட்டவரா, 142-ஆம் பிரிவை இதற்குப் பயன்படுத்தலாமா என்றெல்லாம் வாதங்கள். மாமா இருந்திருந்தால் மரபெஞ்சு இரவு பத்து மணி வரை கலைந்திருக்காது. குண்டில் உறவுகளை இழந்தவர்களின் குரலையும் அவர் அந்தச் சபையில் கேட்க வைத்திருப்பார் என்றே நினைக்கிறேன். அவருடைய அக்கறை இவர்கள் நல்லவர்கள் என்பதில் இல்லை. ஒருவன் தியாகியா கொலைகாரனா என்று பின்னால் வரும் காலம் எப்படியும் பேசிக்கொள்ளும். அவனை எப்படி விசாரிப்பது என்பதை அவன் யார் என்று தெரிவதற்கு முன்பே நாம் முடிவு செய்து வைத்திருக்க வேண்டும் என்பதுதான் அவர் கட்சி.

சென்ற தசராவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட ராக்கெட் ஏவுதளம்தான் இப்போது குலசையில் பேச்சு. முத்தாரம்மன் கோயில் பக்கத்து டீக்கடையில் வேடம் கட்டிய பையன்கள் சிலர், முகத்தில் சாயம் கலையாமல், ஏதோ ஒரு வழக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கைது செய்து இரண்டு நாள்கூட ஆகவில்லை போலிருக்கிறது. "அத்தனை பேரையும் தூக்குல போடணும்" என்றான் காளி வேடம் கட்டிய ஒருவன்.

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். "அத்தனை பேரையுமா தம்பி?" என்று கேட்டேன்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஏன், நீங்க அவங்க ஆளா அண்ணாச்சி?"

பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டேன்.