வைஃபை இருக்கு... நெட் இல்லை! 20-ம் தேதி மாலை ஒரு வீட்டில் நடந்தது

மாலை 5 மணி. தேதி 20. திருப்பூரில் ஒரு மாடி வீட்டின் ஹாலில் லேப்டாப்பைத் திறந்தார் அந்தப் பெண். வயது 43. திருமணத்துக்கு முன்பு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்தவர். பிள்ளை வளர்ந்த பிறகு, ஒரு வருடமாக நான்கு சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதித் தருகிறார். மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்பவர்களுக்கு 20-ம் தேதிதான் கடைசி நாள். தாண்டினால், வரி கட்ட வேண்டிய கணக்குக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். வரிக்கு 18 சதவிகித வட்டி வேறு.

நான்கு பேரின் கணக்கும் தயார். சைட்டைத் திறந்தார். திறக்கவில்லை. கீழே வைஃபை குறியீட்டைப் பார்த்தால், 'கனெக்டட்' என்று இருக்கிறது. பக்கத்திலேயே 'நோ இன்டர்நெட்'.

லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தார். ரூட்டரை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போட்டார். வைஃபையை 'ஃபர்கெட்' கொடுத்து, பாஸ்வேர்டை மறுபடி அடித்தார். அதே பதில்தான்.

வேலை முடிந்து வந்த கணவர், கட்டிங் மாஸ்டர், சட்டையைக்கூட மாற்றாமல் எட்டிப் பார்த்தார். "எதையாவது அமுக்கிட்டயா? இதுக்குத்தான் தெரிஞ்சவங்ககிட்ட குடுத்துரலாம்னு சொன்னேன்."

ப்ளஸ் டூ படிக்கும் மகள், "லேப்டாப் பழசாயிருச்சும்மா, புதுசு வாங்கணும்" என்றாள்.

நெட் கம்பெனிக்கு போன் செய்தால், "எங்க பக்கம் லைன் சரியா இருக்குங்க மேடம், ரூட்டரை ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்றார்கள்.

அதற்குள் மணி 7. ஓடிபி-க்காகக் காத்திருந்த ஒரு யூனிட்காரர், "என்னங்க்கா, ஆச்சுங்களா?" என்று இரண்டாவது முறை கேட்டுவிட்டார். 50 ரூபாயை அவர் தன் கையிலிருந்தே கட்டிவிடுவார். ஆனால், 'வீட்டுல இருந்து பாக்கறவங்ககிட்ட குடுத்தா இப்படித்தான்' என்று ஒருவர் சொல்லிவிட்டால், ஒரு வருடமாகச் சேர்த்த பெயர் போய்விடும். அந்தப் பயத்தில்தான் தம்பிக்கு போன் போட்டார். கோவையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை செய்கிறவர்.

"அக்கா, பதறாத. உன் போன்ல அதே வைஃபைல நெட் வருதா?"

"வருது."

"அப்போ ரூட்டரும் லைனும் நல்லாயிருக்கு. இப்ப போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்புல கனெக்ட் பண்ணு."

செய்தார். அதிலும் 'நோ இன்டர்நெட்'.

"சரி, கோளாறு லேப்டாப்புக்குள்ளதான். மறுபடி வீட்டு வைஃபைக்கே மாத்திக்க. நேத்து லேப்டாப்பை எங்கயாவது கொண்டு போனியா?"

முதல் நாள் பழைய ஆடிட்டர் ஆபீஸுக்குப் போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அங்கே பிரின்ட் எடுக்க வேண்டும் என்று ஒரு பையன் லேப்டாப்பை வாங்கி ஏதோ நம்பர் போட்டான்.

தம்பி சிரித்துவிட்டார். ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று தட்டி, வரும் கறுப்புத் திரையில் 'ஐபிகான்ஃபிக்' என்ற ஒரே வார்த்தையை ஆங்கிலத்தில் அடிக்கச் சொன்னார். வந்த எண் 192.168.0.50. போனின் வைஃபை விவரத்தில் இருந்த எண் 192.168.1.7.

"வைஃபை பாஸ்வேர்டு கேட் சாவி மாதிரிக்கா. சாவி சரி, உள்ள வந்தாச்சு. ஆனா ஒவ்வொரு மெஷினுக்கும் ரூட்டர் ஒரு கதவு நம்பர் கொடுக்கும். உன் லேப்டாப் அதை வாங்க மாட்டேங்குது. அந்த ஆபீஸ் தெருவோட நம்பரையே வெச்சுக்கிட்டு நம்ம தெருவுல நிக்குது. அப்புறம் தபால் எப்படி வரும்?"

செட்டிங்ஸுக்குள் போய், நெட்வொர்க், வைஃபை, ஹார்ட்வேர் ப்ராப்பர்ட்டீஸ் என்று வரிசையாகத் திறந்தார். 'ஐபி அசைன்மென்ட்' என்ற இடத்தில் 'மேனுவல்' என்று இருந்தது. எடிட் கொடுத்து, 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றி சேவ் செய்தார். சில விநாடிகளில் 'நோ இன்டர்நெட்' மறைந்தது. இரண்டரை மணி நேரத் தவிப்புக்கு மருந்து இரண்டு நிமிட வேலைதான்.

போனை வைக்கும் முன், தம்பியிடம் இன்னும் சிலவற்றைக் கேட்டு டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார். எண் 169.254 என்று ஆரம்பித்தால், ரூட்டரிடமிருந்து நம்பரே கிடைக்கவில்லை என்று அர்த்தம். அப்போது ரூட்டரை ரீஸ்டார்ட் செய்யலாம், வைஃபையை மறந்து மறுபடி சேர்க்கலாம். எண் சரியாக இருந்தும் சைட் திறக்கவில்லை என்றால் விபிஎன், ப்ராக்ஸி ஏதாவது ஆன் ஆகியிருக்கிறதா, டிஎன்எஸ்ஸில் யாராவது கைவைத்திருக்கிறார்களா, லேப்டாப்பில் தேதியும் நேரமும் சரியா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில் ஒரு வரி: 'கடைசியா என்ன மாறுச்சு?'

அன்று மாலை அந்தக் கேள்வியைத் தம்பி ஒருவர்தான் கேட்டார். மற்றவர்கள் கேட்டதெல்லாம் யார் தப்பு என்பதைத்தான். அவரும் மனதுக்குள் தன்னையே அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

இரவு 9.40-க்கு நான்காவது கணக்கும் தாக்கலானது. கணவர் தோசை ஊற்றித் தட்டை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, "ஆச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆச்சுங்க."

மறுநாள் காலை அவர் முதலில் போன் செய்தது ஆடிட்டர் ஆபீஸுக்கு. சண்டை போடவில்லை. "தம்பி, அடுத்த தடவை என் லேப்டாப்புல எதை மாத்தினாலும் ஒரு வார்த்தை சொல்லிருங்க. நானே திருப்பி மாத்திக்குவேன்."