சூசையும் யூசுப்பும்

அன்று வகுப்பில் வரவு இடாப்பை வாசித்துக்கொண்டிருந்தேன். "சூசை" என்று அழைத்ததும் பின் வாங்கில் சிரிப்பொலி எழுந்தது. "ஐயா, அது தமிழ்ப் பெயர்தானா?" என்று ஒரு மாணவன் வினவினான்.

நான் திருக்கேதீச்சரத்துப் பாலாவியில் நீராடி வளர்ந்தவன். விவிலியம் என் சமய நூலன்று. ஆயினும் மன்னாரில் வாழ்பவனுக்கு எபிரேயப் பெயர்கள் அயலானவையல்ல. 1544இல் சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் இத்தீவு மக்கள் பலர் திருமுழுக்குப் பெற்றனர். அதனோடு புதிய பெயர்களும் வந்தன. எபிரேய 'யோசேப்' போர்த்துக்கேயரின் 'ஜுசே' ஆகி, நம் நாவில் 'சூசை' ஆயிற்று. யாக்கோபு, 'புனிதர்' என்னும் போர்த்துக்கேய அடையையும் சேர்த்துக்கொண்டு 'சந்தியாகு' ஆனார். யோவான் என்பதற்கோ 'இறைவன் அருளினார்' என்பது பொருள். அதை நம்மவர் தமிழாக்கியே 'அருளப்பர்' என்றனர்.

அதே யோசேப் அரபு மொழி வழியாக வந்து யூசுப் ஆனார். ஆகவே பேசாலைச் சூசையும் எருக்கலம்பிட்டி யூசுப்பும் ஒரே பெயரினர்.

இதைச் சொல்லும்போது என் குரல் சற்றுத் தளர்ந்தது. நான் படித்த வகுப்பிலும் ஒரு சூசையும் ஒரு யூசுப்பும் ஒரே வாங்கில் இருந்தார்கள். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். யூசுப்பின் குடும்பம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு புத்தளம் சென்றது. பள்ளி மீண்டும் திறந்த நாளில் ஆசிரியர் இடாப்பை வாசித்தார். யூசுப்பின் பெயர் வந்ததும் ஒரு கணம் நிறுத்தி, அடுத்த பெயருக்குச் சென்றுவிட்டார். அவன் எங்கே என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

யோசேப் என்றால் 'இன்னும் கூட்டித் தருவாராக' என்று பொருள். ராகேல் தன் முதற்பிள்ளைக்கு, மற்றுமொரு மகனை வேண்டி இட்ட பெயர் அது. உடன்பிறந்தாரால் விற்கப்பட்டு எகிப்து சேர்ந்தவன் அவன்; பின்னர் அவர்களையே பஞ்சத்தினின்று காத்தவனும் அவனே. திருக்குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் அவன் பெயராலேயே அக்கதையைக் கூறுகிறது. கூட்டுதலைக் குறிக்கும் அப்பெயரையே நாங்கள் கழித்துவிட்டோம்.

2009இல் போர் முடிந்தபின் பலர் ஊர் திரும்பினர். என் நண்பன் திரும்பவில்லை. இன்று என் இடாப்பில் சூசையும் உண்டு, யூசுப்பும் உண்டு. எவரேனும் வராதிருந்தால் அப்பெயரை இருமுறை அழைப்பேன். ஏன் வரவில்லை என்று கேட்டறிந்த பின்பே அடுத்த பெயருக்குச் செல்வேன்.