யாரும் கூப்பிடாத இரண்டரை மணி நேரம்

"நாலு வாரம் பொறுத்தா ஓடிடியிலயே வந்துடும். எதுக்குத் தியேட்டருக்கு?" வெள்ளிக்கிழமை புதுப்படம் வந்தால் பல வீடுகளில் இந்தப் பேச்சு எழுகிறது. கேட்பவர்கள் சினிமாவை வெறுப்பவர்கள் அல்ல. மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கிறவர்கள். தமிழ்ப் படங்கள் பலவும் வெளியாகி ஒரு மாதத்துக்குள் கைப்பேசிக்கே வந்துவிடுகின்றன. எட்டு வார இடைவெளியாவது விடுங்கள் என்று தியேட்டர் உரிமையாளர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதுவரை பொறுத்திருக்க முடியாத ரசிகர்கள் முதல் நாளே போய்விடுகிறார்கள். மற்றவர்கள் சோபாவில் சாய்ந்து காத்திருக்கிறார்கள்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். சென்னை மல்டிபிளெக்ஸில் வரியெல்லாம் சேர்த்து ஒரு டிக்கெட் 190 ரூபாய்ப் பக்கம் வரும். நாலு பேருக்கு 760. ஆன்லைனில் எடுத்தால் அதற்குத் தனிக் கட்டணம். வண்டி நிறுத்த ஒரு தொகை. இன்டர்வெலில் பிள்ளைகள் பாப்கார்ன் கேட்டால் மறுக்க மனம் வராது. வீடு திரும்பும்போது ஆயிரத்தைந்நூறு காலி. அந்தப் பணத்தில் ஓடிடி சந்தா பல மாதம் ஓடும், வீடு முழுக்கப் பார்க்கலாம். பணத்தை மட்டும் வைத்துப் பேசினால் வாதம் இங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒருவர் எப்போதும் விடுபட்டுப் போகிறார். அவரைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் அம்மா படம் பார்க்கும் விதம் இது. டிவி முன்னால் உட்காருவார், மடியில் முறம் இருக்கும். அவரைக்காய் நார் உரித்துக்கொண்டே கதாநாயகன் அறிமுகத்தைப் பார்ப்பார். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும், எழுந்து போவார். திரும்பி வரும்போது கதாநாயகிக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். "இவ யாருடா, முன்னாடி வந்தவளா?" என்பார். பேரன் சொல்லத் தொடங்குவதற்குள் வாசலில் சிலிண்டர் வந்திருக்கும். "இருங்கம்மா, பாஸ் பண்றேன்" என்று நாங்கள் நிறுத்தி வைப்போம். அது பெரிய சலுகை என்று நினைப்பு எங்களுக்கு. நிறுத்தி வைத்த படத்துக்கு அவர் அவசர அவசரமாக ஓடி வருவார், வந்ததும் "நீங்க பாத்துக்கிட்டே இருந்திருக்கலாமே" என்பார். கிளைமாக்ஸ் நேரத்தில் யாருக்காவது காபி வேண்டியிருக்கும்.

ஓடிடியின் பெருமையாக நாம் சொல்வது, படம் நம் கையில் இருக்கிறது என்பதைத்தான். எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், நிறுத்தலாம், ஓட்டிவிடலாம். ஆனால் ரிமோட் யார் கையில் இருக்கிறது? வீட்டில் யாருடைய நேரம் அவருக்கே சொந்தமோ, அவர் கையில். எந்த நேரத்திலும் எழுந்து போக வேண்டியவருக்கு வீட்டுத் திரை வேலைக்கு நடுவே கேட்கும் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

'லப்பர் பந்து' படத்துக்கு அம்மாவைத் தியேட்டருக்கு அழைத்துப் போனேன். 2024 செப்டம்பரில் வந்த படம். பெரிய நட்சத்திரம் இல்லை, பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே கூட்டம் சேர்ந்தது. நாங்கள் போன காட்சியில் பால்கனி நிறைந்திருந்தது. கிரிக்கெட் படம் என்றதும் அம்மாவுக்கு ஆர்வம் இல்லை. "எனக்கு என்னடா தெரியும் அதுல?" என்றுதான் கிளம்பினார். விளையாட்டே கதியென்று திரியும் கணவன்மேல் கோபம் கொண்ட யசோதை டிராக்டரை எடுத்துக்கொண்டு போய் ஆடுகளத்தையே உழுதுபோடும் காட்சி வந்தது. அதுவரை விசில் அடித்துக்கொண்டிருந்தவர்கள் இளைஞர்கள். அந்தக் காட்சியில் கைதட்டல் பெண்கள் உட்கார்ந்திருந்த வரிசைகளிலிருந்து எழுந்தது. எனக்கு முன் வரிசையில் தலையில் கனகாம்பரம் வைத்திருந்த ஒரு பெண் பாதி எழுந்து நின்று தட்டினார். பக்கத்தில் இருந்த அவர் கணவர் சிரித்துக்கொண்டே அவரைப் பார்த்தார். அம்மா என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "நல்லா வேணும்" என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

விஜயகாந்த் பாட்டு வரும் இடத்தில் அரங்கமே சேர்ந்து பாடியது. அவர் மறைந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அந்தப் பாட்டை வீட்டில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். முன்பின் தெரியாதவர்கள் நூற்றுக்கணக்கில் ஒரே வரியில் சேரும்போது அது பாட்டாக மட்டும் இருப்பதில்லை. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் இறந்தவரைப் பற்றி எல்லாரும் நல்லபடியாகப் பேசிச் சிரிப்பதுபோல இருந்தது அது.

படம் விட்டு வெளியே வந்து செருப்பைச் சரிசெய்துகொண்டே அம்மா சொன்னார்: "ரெண்டரை மணி நேரம் ஆச்சு போல. ஒருத்தரும் என்னைக் கூப்பிடல பாரு."

தியேட்டருக்குப் போவது இன்னும் தகுமா என்ற கேள்விக்கு நான் கேட்ட பதில்களிலேயே கனமானது அதுதான். பெரிய திரை, டால்பி அட்மாஸ், சாய்ந்துகொள்ளும் இருக்கை என்று தியேட்டரின் சிறப்பாக நாம் அடுக்குவதெல்லாம் உண்மைதான். அவற்றில் பாதியைக் காசிருந்தால் வீட்டிலேயே வாங்கி மாட்டிவிடலாம். கூப்பிட ஆளில்லாத நேரத்தை வாங்க முடியாது. தியேட்டரில் விளக்கணைந்ததும் அம்மா அம்மாவாக இல்லை, மாமியாராக இல்லை, ஒரு பார்வையாளர். அவர் மடியில் முறம் இல்லை. அவருக்காகவும் நிற்காமல் எனக்காகவும் நிற்காமல் படம் ஓடுகிறது. எங்களுக்குக் கட்டுப்படாத படத்தின் முன்னால்தான் நாங்கள் இருவரும் சரிசமமாக உட்கார்ந்தோம்.

பெண்களுக்குத் தியேட்டர் தரும் இந்த ஓய்வு புதிதாக வந்த விஷயமும் இல்லை. தமிழகத்தில் சினிமா பரவியதே மக்களைத் தேடிப் போய்த்தான். திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். பிறகு கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். அந்தத் தெருவுக்கு இன்றும் அதே பெயர். அவர் வழியில் வந்த டூரிங் டாக்கீஸ்கள் கிராமத்துக்குப் பக்கத்திலேயே கீற்றுக் கொட்டகை போட்டன. தரை, பெஞ்சு, சேர் என்று டிக்கெட். பெண்களுக்குத் தனி இடம். களையெடுத்துவிட்டு வந்தவர்கள் குளித்து, சோறாக்கி இறக்கிவைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்களோடு கூட்டமாக நடந்தே போவார்கள். மணலைக் குவித்து உயரமாக்கி உட்காருவார்கள், குழந்தை மடியிலேயே தூங்கிவிடும். வீட்டு ஆண்களிடம் அனுமதி கேட்டுத்தான் போக வேண்டியிருந்தது. ஆனால் போன பிறகு அந்த நேரம் அவர்களுடையது. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் அடுத்தபடியாக, பெண்கள் வேலையில்லாமல் உட்கார்ந்த இடம் கொட்டகை.

நகரங்களில் அதே தேவைக்குப் பெரிய கட்டடங்கள் எழுந்தன. மதுரை தங்கம் தியேட்டரில் 2,500-க்கும் மேல் இருக்கைகள். 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்தார்கள். இன்று அந்த இடத்தில் ஜவுளிக்கடை. சென்னையில் சாந்தி 2016-இல் மூடப்பட்டது, அசோக் நகர் உதயம் 2024-இல். சிற்றூர்களில் மூடிய தியேட்டர்கள் கல்யாண மண்டபமாகவும் கிடங்காகவும் மாறின, யாரும் செய்தி எழுதவில்லை. பக்கத்தில் இருந்த தியேட்டர் போனதும் முதலில் படம் பார்ப்பதை விட்டவர்கள் வீட்டுப் பெண்களும் வயதானவர்களும்தான். பைக் இருக்கிற பையன் மாவட்டத் தலைநகருக்குப் போய்ச் செகண்ட் ஷோ பார்த்துவிட்டு வருவான். கடைசிப் பேருந்தை நம்பியிருக்கிற அவன் பாட்டி எப்படிப் போவாள்?

இங்கேதான் எனக்கு வருத்தம். தியேட்டர் யாருக்கு அதிகம் தேவையோ அவருக்குத்தான் அது எட்டாமல் போய்க்கொண்டிருக்கிறது. சொந்த அறையும் ஹெட்போனும் வைத்திருப்பவருக்குப் படம் பார்க்க எங்கும் இடமுண்டு. ஓர் அறை வீட்டில் ஐந்து பேராக இருப்பவருக்கு 190 ரூபாய் டிக்கெட் பாதி நாள் கூலி. சென்னையின் குளுகுளு மல்டிபிளெக்ஸ்களில்கூட முன்வரிசையில் 10 ரூபாய் டிக்கெட் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. கழுத்தை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். ஆனாலும் அதே படம், அதே ஏசி. அதில் ஒரு மரியாதை இருந்தது.

மரியாதை காசோடு மட்டும் நிற்பதில்லை. 2023 மார்ச்சில் சென்னைத் தியேட்டர் ஒன்றில் கையில் டிக்கெட் இருந்தும் நரிக்குறவர் குடும்பத்தை வாசலிலேயே நிறுத்தினார்கள். காணொளி பரவி எதிர்ப்பு எழுந்த பிறகே உள்ளே விட்டார்கள். காசு கொடுத்தவர் யாரானாலும் உள்ளே வரலாம் என்பதுதான் சினிமாக் கொட்டகை தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த பெரிய நன்மை. அதை வாசலிலேயே மறுக்கிற தியேட்டருக்குள் எவ்வளவு பெரிய திரை இருந்து என்ன பயன்? தண்ணீர் விஷயமும் அப்படியே. வெளி உணவைத் தடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு, ஆனால் சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தண்ணீர்க் குழாயைக் கண்ணில் படாத மூலையில் வைத்துவிட்டுப் பாட்டிலைக் கவுன்டரில் அடுக்குவது அந்தத் தீர்ப்பின் மனசாட்சிக்கு விரோதம்.

வீட்டுத் திரையை நான் குறைத்துப் பேசவில்லை. முழங்கால் வலியால் படியேற முடியாதவர்களுக்கும், காது கேளாமல் எழுத்துகளைப் படித்துக் கதையைப் பின்தொடர்பவர்களுக்கும் அது வரம். தியேட்டரில் ஒரு காட்சிகூடக் கிடைத்திருக்காத சிறிய படங்களை அது நம் கூடத்துக்குக் கொண்டுவந்தது. கொரோனாவால் தியேட்டர்கள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த 2020-இல் 'சூரரைப் போற்று' நேரடியாக ஓடிடியில் வந்தது, வீடு வீடாகக் கொண்டாடினார்கள். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த பலரும் சொன்ன முதல் வார்த்தை, "தியேட்டர்ல பாத்திருக்கணும்" என்பதுதான். எந்தப் படமானாலும் தியேட்டருக்குப் போனால் போதும் என்ற ஏக்கம் அப்போது எல்லாரிடமும் இருந்தது. அந்த ஏக்கம் பொய்யில்லை என்பதற்கு 2024-இல் சாட்சி கிடைத்தது. இருபது வருடமாக டிவியில் ஓடித் தேய்ந்த 'கில்லி'யை மறுபடி தியேட்டரில் போட்டார்கள், கூட்டம் அலைமோதியது. வசனம் முழுக்க மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் காசு கொடுத்து வந்தார்கள். கதை தெரிந்துகொள்ள யாரும் வரவில்லை. பக்கத்தில் ஆள் வேண்டும் என்று வந்தார்கள்.

விலை குறைந்தால் வருவார்களா என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2022 செப்டம்பர் 23 அன்று தேசிய சினிமா தினம் என்று நாட்டின் பல மல்டிபிளெக்ஸ்கள் 75 ரூபாய்க்கு டிக்கெட் விற்றன. ஒரே நாளில் 65 லட்சம் பேர் வந்ததாக மல்டிபிளெக்ஸ் சங்கமே சொன்னது. ஆகவே ஜனங்களுக்குத் தியேட்டர் சலித்துவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டாம். வார நாள் மேட்னிக் காட்சிகளில் பத்துப் பேருக்காக ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் காட்சிக்குப் பாதி விலை வைக்கலாம். மதியச் சமையலை முடித்துவிட்டுப் போய்ப் பார்த்துத் திரும்ப அதுதான் தோதான நேரம். ஒரு காலத்தில் மேட்னியை நிரப்பியவர்கள் பெண்கள்தான். அவர்களைத் திரும்ப அழைக்க ஒரு தியேட்டர்காரர் முதலில் துணிந்தால் போதும், மற்றவர்கள் பின்னால் வருவார்கள்.

நம் பங்குக்கும் வேலை இருக்கிறது. சிறிய படம் பிழைப்பதும் சாவதும் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளில். நல்ல படம் என்று காதில் விழுந்தால் அந்த வாரமே போக வேண்டும். திங்கட்கிழமை காட்சியைக் குறைத்துவிட்டார்கள் என்று பிறகு புலம்பிப் பயனில்லை. உள்ளே போனதும் கைப்பேசியை அணைத்துப் பைக்குள் வைக்க வேண்டும். அந்த ஒரு சதுர வெளிச்சம் நாலு வரிசைக்கு இருட்டைக் கெடுக்கிறது. அடுத்தவர் அரிதாகச் சம்பாதித்த நேரத்தை அது தின்கிறது.

எல்லாப் படத்துக்கும் எல்லாரும் போக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வருடத்துக்கு நாலு படம் போனாலும் போதும். ஆனால் போகும்போது, வீட்டில் ஓய்வே இல்லாமல் உழைக்கிறவர் யாரோ அவருக்கு முதல் டிக்கெட்டை எடுங்கள். படத்தை அவரே தேர்ந்தெடுக்கட்டும். அன்று சமையல் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்த ஒருவர் முழுப் படத்தையும் இருந்த இடத்தில் இருந்து பார்க்கிறார் என்றால், கொடுத்த காசு அத்தனையும் தகும்.